சமையலறை வாசலில் ஒரு குழாய்க் கதவு

போன வருடம் என் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பெர்மாஸ் ஜெயா வீட்டில் அவள் காலில் தட்டக்கூடியதையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். மூன்று கால்மிதிகள், இரண்டு ஒயர்கள், ஒரு நாய்.

கால்மிதிகளைச் சுருட்டி வைத்தேன். ஒயர்களைச் சுவரோடு ஒட்டினேன். நாய் மகனுடையது. அவன் விடியுமுன் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் வருவான். பகல் முழுக்க அது எங்கள் பொறுப்பு. அவள் தேங்காய் துருவும் சத்தம் கேட்டால் போதும், சமையலறைக்குள் பாய்ந்து அவள் கால்களுக்கிடையே புகுந்துவிடும்.

பிவிசி குழாய்கள் வாங்கி வந்து சமையலறை வாசலுக்குக் கதவு செய்ய உட்கார்ந்தேன்.

"ஆன்லைன்ல ரெடிமேடா கிடைக்கும்லா அப்பா. இந்த வயசுல எதுக்கு ரம்பமும் கையுமா?" என்றான் மகன்.

"ஆன்லைன்காரன் நம்ம வாசல அளந்தா செஞ்சிருக்கான்?"

வாசல் முப்பத்திரண்டு அங்குலம். நாயின் தலை நுழையாத இடைவெளி விட்டு, ஒன்பது குழாய்களை நிறுத்திக் கதவாக்கிக் கீலில் மாட்டினேன். மூடிய கதவின் அடி முட்டி ஆடாமல் நிற்க, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு குழாயை நிலையின் இரு பக்கமும் இறுக்கிப் பொருத்தினேன். கதவைத் திறந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். இருபது முறை தாண்டிப் பார்த்தேன். அவளையும் தாண்டச் சொன்னேன். கீழே பார்த்து, நிலையைப் பிடித்து, ஒழுங்காகத் தாண்டினாள். நாய் வெளியே நின்று குரைத்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் சாமி மாடம் சமையலறைக்குள் இருக்கிறது. விளக்கேற்றியதும் ஒரு கையில் தூபக்காலும் மறு கையில் விசிறியுமாகக் கிளம்பி, வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் சாம்பிராணிப் புகை காட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற காரியம். நடுவில் நிற்கமாட்டாள், பேசமாட்டாள், கண் கனலை விட்டு நகராது. அது தெரிந்துதான் நாயை முன்கூட்டியே முன்வாசல் கிரில்லில் கட்டினேன். குழாய்க் கதவையும் அகலத் திறந்து வைத்தேன்.

முதலில் புகை வந்தது. பின்னால் அவள்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் கால் அந்த அடிக்குழாயில் தட்டிவிட்டது. தூபக்கால் பறந்தது, கனல் தரையெங்கும் சிதறியது. அவள் சாய்ந்து கதவைப் பிடிக்க, அது கீலோடு பிய்ந்து அவள் கையிலேயே வந்தது. பாய்ந்து தோளைக் கொடுத்தேன். இருவரும் சுவரில் மோதி நின்றோம்.

"ஐயோ கனலு! நாய்கிட்ட உருளுது பாருங்க!" என்றாள்.

"நாயி கெடக்கட்டும். இடுப்பு எப்படி இருக்கு?"

"இருந்த எடத்துலதான் இருக்கு. இத்தன நாளா அந்த நாயி என்னைத் தள்ளல. நீங்க கட்டுன வேலிதான் தள்ளப் பாத்துச்சு."

கனலை அணைத்த கையோடு அடிக்குழாயை அறுத்து வீசினேன்.

கதவைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஆனால் அடிக்குழாய் இல்லாமல் அது ஆடுகிறது. நாய் தினமும் மூக்கை வைத்து முட்டிப் பார்க்கிறது, என்றைக்காவது தள்ளிவிடும். அதனால் அவள் அடுப்படியில் நிற்கும்வரை நான் கதவோரமாக நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன்.

"இப்ப உங்க காலுதான் வழியில நீட்டிக்கிட்டு இருக்கு. மடக்குங்க," என்கிறாள்.

மடக்கிக்கொள்கிறேன்.