பருப்பு வெந்த தண்ணீர்

எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு ஷெட் போட்டார்கள். சாயக் கழிவு இறங்கி ஊர்க் கிணறுகள் எல்லாம் கெட்டுப்போயிருந்த நேரம். அந்தக் கழிவைக் குடிநீராக்கும் இயந்திரம் உள்ளே இருப்பதாகச் சொன்னார்கள். கம்பெனி பங்கு வெளியிடுகிறதாம். பங்கு வாங்கியவர் வீட்டுக்குத்தான் முதலில் குழாய் வருமாம்.

எங்கள் வீட்டில் அண்ணிக்குத்தான் அந்தக் குழாய் மேல் ஆசை அதிகம். அவர் பெயரில் இருந்த நிலம் ஒரு தொழிற்சாலைக்குப் போய், அந்தப் பணம் பாங்கில் கிடந்தது. மகளை நர்ஸிங் படிக்க வைப்பதற்கென்று அதை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார்.

ஒருநாள் பட்டணத்திலிருந்து பங்கு வாங்குகிறவர்களை வேனில் அழைத்து வந்து இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஷெட்டின் ஒரு பக்கம் கறுப்புத் தண்ணீர் உள்ளே போனது. மறுபக்கக் குழாயில் பளிங்கு மாதிரி தண்ணீர் கொட்டியது. வந்தவர்கள் கை தட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் தட்டவில்லை.

"பாக்கறதுக்குத் தெளிவாத்தான் கீது. அத்த வெச்சிகினு இன்னா பண்றது? பருப்பு வேவுதான்னு பாக்கணும்" என்றார் அண்ணி.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குப் பரீட்சை அதுதான். கெட்ட தண்ணீரில் துவரம்பருப்பைப் பொழுதுக்கும் கொதிக்க வைத்தாலும் கல்லாகவே கிடக்கும். அண்ணி அங்கேயே மூன்று செங்கல்லைக் கூட்டி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து உலை வைத்தார். கம்பெனிக்காரர்கள் தடுக்கவில்லை, போட்டோ எடுத்தார்கள். பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. அண்ணி ஒரு வாய் தண்ணீரும் குடித்துப் பார்த்து, "எங்கம்மா வூட்டுத் தண்ணி மாதிரியே கீது!" என்றார். அதன் பிறகு ஊரே கை தட்டியது.

எனக்கு மட்டும் ஒரு குடைச்சல். "பிரிச்செடுத்த அழுக்கு எங்க சார் போவுது?" என்று கேட்டேன். "அதுதாம்பா டெக்னாலஜி" என்று தோளில் தட்டினார் இன்ஜினீயர். உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன்.

"பருப்பு பொய் சொல்லுமா தம்பி?" என்றார். மறுவாரம் பாங்குப் பணம் முழுவதும் பங்காக மாறியது.

சில மாதங்களில் ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. கம்பெனியின் பட்டண விலாசத்தில் வேறு யாரோ இருந்தார்கள். நான் சுவர் ஏறிக் குதித்தேன். உள்ளே இயந்திரமே இல்லை. கறுப்புத் தண்ணீர் வந்த குழாய் அப்படியே பின்பக்கம் போய் ஓடையில் விழுந்தது. பக்கத்தில் ஒரு காலித் தொட்டி, அதிலிருந்து வெளியே ஒரு குழாய். அழுக்கு போன இடம் தெரிந்துவிட்டது. நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் பிடிபடவே இல்லை.

பொங்கலுக்கு அண்ணியின் தாய்வீடான வடக்குப்பட்டிலிருந்து அவர் தம்பி சீர் கொண்டு வந்தான். விஷயம் எதுவும் தெரியாதவன். சாப்பிட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னான்: "உங்க ஊரு ஏரிக்கரை ஷெட்டுக்கு நம்ம கெணத்துத் தண்ணிதாங்க்கா லாரில வந்துச்சி. மோட்டார் போட்டு நாந்தான் ரொப்பி அனுப்புவேன். தொட்டிய கழுவறதுக்குன்னு கேட்டாங்க."

எனக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு. அண்ணி கையில் குழம்புக் கரண்டியோடு நின்றார். அடுப்படி வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வருடம் பிளஸ் டூ முடிகிறது.

"பருப்பு பொய் சொல்லல தம்பி" என்றார் அண்ணி, என்னைப் பார்த்து. "எங்கம்மா வூட்டுத் தண்ணின்னு என் வாயாலயே சொல்ல வெச்சிது. எனக்குத்தான் கேக்கல."