மாலை ஆறு மணிக்கு விடியும் பெட்டி

செய்தி வந்தபோது நான் பாறசாலையில் என் கடையில் ஒரு பிரிட்ஜைத் திருப்பிப் போட்டு அதன் பின்புறத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ரெஜினா டீச்சரின் கணவர் பீட்டர் அழைத்தார். "எலே சசி, அவ போயிட்டா" என்றார். பிறகு, "பொட்டிக்குள்ள லைட்டு கெடந்து எரியட்டு. அணைச்சிராத, கேட்டியா?" என்று சொல்லி வைத்துவிட்டார். மனைவி இறந்த செய்தியோடு ஒரு மனிதர் ஏன் விளக்கைப் பற்றிப் பேசினார் என்பது, இங்கே குன்னத்துகால் வாசகசாலையில் கூடியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். நான் பிரிட்ஜ் மெக்கானிக். வாய் நீளம், எழுத்து பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெஜினா டீச்சருக்கு வெயில் ஆகாது. எனக்கு வெண்டைக்காய் ஆகாது, அவனுக்கு மாமியார் ஆகாது என்று சொல்வோமே, அந்த ஆகாது இல்லை. லூபஸ் என்று ஒரு வியாதி. வெயில் பட்டால் கன்னம் இரண்டும் சிவந்து தடிக்கும், மூட்டுகள் வீங்கும், நாலு நாள் காய்ச்சலில் கிடப்பார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், அதனால் வேலையை விட்டார். பொழியூர் கடற்கரையில் மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்று, பீட்டர் அவரைக் கூட்டிக்கொண்டு குன்னத்துகாலில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். கடலுக்குப் போகிறவர் கடலைவிட்டு இவ்வளவு தூரம் குடிவந்து, தினமும் விடியுமுன் ஸ்கூட்டரில் கரைக்குப் போய் வள்ளம் ஏறினார். வெயில் தின்று கறுத்த மனிதர். மனைவி திரை போட்ட அறையில். இப்படிப் பன்னிரண்டு வருடம்.

அந்த வீட்டுப் பழைய பிரிட்ஜ் நின்றுபோனபோதுதான் நான் முதலில் அங்கே போனேன். கம்பிரசர் செத்துவிட்டது, பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரனுக்குப் போடுங்கள் என்றேன். டீச்சர் அதன் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணா, இதுக்குள்ள ஒரு வெயிலு உண்டாக்கித் தர பற்றுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நாலு மொளவு தை வளக்கணும். வெயிலு எப்படி இருக்கும்னு மறந்துட்டு வாறேன். அது மறந்துபோச்சுன்னா பின்ன நான் ரோகி மட்டுந்தான்" என்றார். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே அந்தப் பிரிட்ஜுக்குள் ஒரு டியூப் லைட்டைக் கட்டினேன். இரண்டு நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் டீச்சரின் கன்னம் சிவந்துவிட்டது. அந்த வெளிச்சமும் சிலருக்கு ஆகாதாம், டாக்டர் சொன்னார். எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டு எல்.இ.டி. போட்டேன். அதற்கடுத்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக என் தொழில் என்ன? பிரிட்ஜ் கதவு இடுக்கில் காற்றுப் போகாமல் பார்ப்பது. கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் வரக்கூடாது, அதுதான் எங்கள் பரீட்சை. டீச்சரின் பெட்டிக்குப் புது ரப்பர் வாங்கி ஒட்டி, காகிதம் வைத்து இழுத்துக் காட்டி, பெருமையாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் அதில் முளைத்திருந்த மிளகாய் நாற்றெல்லாம் அவித்த கீரைபோலப் படுத்துக் கிடந்தது. உள்ளே நாற்பத்தாறு டிகிரி. நான் விதையைக் குற்றம் சொன்னேன்.

டீச்சர் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார். பிறகு நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "அண்ணா, நீங்க இவ்வளவு நாளும் சூட்ட வெளிய நிறுத்துன ஆளாக்கும். இப்பம் சூடு உள்ளல்லா இருக்கு. இந்தக் கதவு யாருக்க பக்கம் நிக்குது?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவ்வளவு எளிய விஷயம் என் மண்டையில் ஏறவில்லையே! அன்றைக்கே கீழே இரண்டு ஓட்டை போட்டேன், மேலே பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை வைத்துச் சூட்டை வெளியே தள்ளினேன். விளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன டப்பா தனியாகச் சூடாகும். அதைப் பெட்டிக்கு வெளியே எடுத்து மாட்டினேன்.

அப்படியும் நடுப்பகலில் சூடு தாழவில்லை. அறையே கொதிக்கிற மாசத்தில் விசிறி எதை இழுக்கும்? வெளியிலிருக்கிற சூட்டைத்தானே. பெரிய விசிறி போடலாம் என்றேன், ஈரச் சாக்கு கட்டலாம் என்றேன், போகிற போக்கில் கம்பிரசரையே மறுபடி மாட்டலாம் என்றும் சொன்னேன். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செடிக்கு மணி தெரியுமா அண்ணா?" என்றார்.

புரியவில்லை. அவரே விளக்கினார். "எப்பம் லைட்டு எரியுதோ அதுதானே அதுக்குப் பகலு? சாயங்காலம் ஆறு மணிக்கு எரிய விடுவோம். காலைல பத்து மணிக்கு அணைப்போம். வெளிய கொதிக்கும்போ அதுக உறங்கட்டு."

சூட்டோடு சண்டை போட எனக்கு நூறு வழி தெரியும். பகலையே தூக்கி இரவில் வைக்கலாம் என்று எனக்கு எந்தக் காலத்திலும் தோன்றியிருக்காது. டைமரைத் திருப்பி வைத்தேன். ஒரே வாரத்தில் இலைகள் நிமிர்ந்தன. "அதுகளுக்கும் எனக்கும் ஒரே பகலு" என்று டீச்சர் சிரித்தார். அவரும் வெளிச்சம் போனபிறகுதானே முற்றத்தில் இறங்குவார். அந்தச் சிரிப்பைக் கண்டு நான் மலைத்துப்போனேன். பக்தி என்று சொன்னாலும் தப்பில்லை.

அதற்குப் பிறகு அவருடைய கண்ணை நான் கவனிக்க ஆரம்பித்தேன். தண்டு மெலிந்து நீண்டால் விளக்கு தூரத்தில் இருக்கிறது, இலை ஓரம் சுருண்டால் மிகவும் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சாண், முக்கால் சாண் என்று விளக்கு தொங்குகிற சங்கிலியை ஏற்றி இறக்கச் சொல்வார். என் தெர்மாமீட்டரை மேல்தட்டில் மாட்டியிருந்தேன். "செடி அங்கயா இருக்கு?" என்று கேட்டு, இலை மட்டத்துக்கு இறக்க வைத்தார். அதில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே புறங்கையை நீட்டி, முப்பது இருக்கும் என்பார். பெரும்பாலும் முப்பதுதான் இருக்கும்.

நாற்று வளர்ந்தது, இனி அசல் வெயிலுக்குப் பழக்க வேண்டும். பழக்குகிற இடத்துக்கு டீச்சரால் வர முடியாது. நான்தான் நாற்றுத் தட்டைத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் காட்டாக்கடையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? திரும்பிப் பார்க்கும்போது இலையெல்லாம் வெளுத்துக் காகிதமாகிவிட்டது. டீச்சர் கதவுக்குள் இருட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே ஓடிவந்து எடுக்க அவருக்கு ஐந்து அடி போதும். அந்த ஐந்து அடிதான் முடியாது. போனில் கத்திக்கொண்டிருந்த எனக்கு அவர் கூப்பிட்டதும் கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். "போகட்டு அண்ணா. அதுக்க மேல வெயிலு எப்படி விழுந்துன்னு மட்டும் சொல்லுங்க. நேராட்டா, சாஞ்சா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து, அக்கம்பக்கத்திலிருந்து நாற்று கேட்டு வருகிற எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பார். உங்கள் முற்றத்துக்கு வெயில் எத்தனை மணிக்கு வரும், எப்போது போகும், எந்தப் பக்கமிருந்து விழும்? வெயிலில் வேலை செய்கிற நம்மில் ஒருவருக்கும் பதில் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்து சொன்னோம். அடுத்த வீட்டு லீலா அக்கா, "தைய்யிக்கு ஜாதகமா பாக்குறா டீச்சரு?" என்று கேலி செய்துகொண்டே மூன்று நாள் பார்த்துவந்து சொன்னார். எல்லாவற்றையும் டீச்சர் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். ரப்பர் நிழல் விழுகிற வீட்டுக்கு ஒரு மாதிரி, மொட்டை முற்றத்துக்கு வேறு மாதிரி பழக்கி நாற்றைக் கொடுத்தார். இந்தத் தெருவில் பகலில் வெளியே இறங்க முடியாத ஒரே ஆளுக்குத்தான் எல்லார் வீட்டு வெயிலும் தெரிந்திருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று ஒருவரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. நாற்றுக்குத்தான் போனோம். நாலு வருடம் அப்படி.

பிறகு வியாதி சிறுநீரகத்தைப் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கும் பெட்டியில் ஒரு தட்டு நாற்று இருந்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் வெளியே வைக்க வேண்டும் என்று படுக்கையிலிருந்து போனில் சொன்னார். நான் செய்தேன். ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. இருபத்திரண்டு நாற்றும் பிழைத்தது என்று சொன்னபோது, "வெயிலு எப்படி விழுது அண்ணா?" என்று கேட்டார். "மேற்க சாஞ்சு டீச்சர். மண்ணெல்லாம் மஞ்சளா கெடக்கு" என்றேன். "ம்ம்" என்றார். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான்.

அடக்கம் பொழியூரில். பதினாறு வருடம் அவரால் நிற்க முடியாத அதே கரை. பதினொரு மணி. கல்லறைத் தோட்டத்து மணல் கண்ணைக் குத்துகிறது. சவப்பெட்டியைக் கீழே வைத்து, மூடுவதற்கு முன்னால் கடைசியாக முகம் பார்க்க எல்லாரும் வரிசையில் வந்தார்கள். நான் தலைமாட்டில் நின்று ஒரு குடையைத் தாழ்த்தி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது. பீட்டர் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மடக்கு மக்கா. இனி அவளுக்கு ஒண்ணும் செய்யாது. கொஞ்சம் வெயிலு கொள்ளட்டு."

குடையை மடக்கினேன். பாதிரியார் புத்தகத்தைத் திறக்காமல் காத்து நின்றார். டீச்சருடைய நினைவாக நான் வைத்திருப்பது அந்த வெயிலைத்தான். மூடி போடும்வரை அது அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கன்னம் சிவக்கவில்லை.