எட்டுக்கு அரை கம்மி

மனிதரைக் கழுத்துவரை வெந்நீரில் உட்கார வைத்து அதற்குக் காசும் வாங்கலாம் என்று எங்கள் முதலாளிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்ப்பவர். குரங்கணிக்கு மேலே அவர் தோட்டத்தில் இருக்கும் பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து விருந்தாளிகளைத் தங்க விட்டார். பின்பக்கம், சரிவைப் பார்த்த மாதிரி, ஒரு பெரிய மரத்தொட்டியைப் பதித்தார். பலகையில் ‘ஹாட் டப்’ என்று எழுதியிருந்தது. கேரளத்துப் பூப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் சமையல்காரர் அதற்கு வைத்த பேர் ‘ஆளவிக்கிற அண்டா’.

அண்டாவின் தண்ணீருக்குப் பொறுப்பு நான். அதற்கு முன்னால் ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் தேய்ந்து சரிவு ஏற முடியாமல் போனதும், முதலாளி இரக்கப்பட்டுப் பங்களாவைக் கூட்டித் துடைக்கிற சோலியில் போட்டார். தொட்டி வந்தபோது அதுவும் என் தலையில் விழுந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் குளோரினையும் சோடாப் பொடியையும் கொடுத்தால் வேறென்ன ஆகும், பயம்தான் ஆகும். அடுப்பில் பால் வைத்தால் பொங்கிவிடுமோ என்று பயப்படுவேன். பொங்காவிட்டால் கெட்டுப்போச்சோ என்று பயப்படுவேன். அப்படியொரு பிறவி.

ஆரம்பத்தில் தண்ணீர் சோதனை என்பது சமையல்காரர் விரலை விட்டு நக்கிப் பார்ப்பதுதான். சாம்பாருக்கு உப்புப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “வெள்ளம் கொள்ளாம், சேச்சி” என்பார். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். எனக்கு வெள்ளம் என்றால் வெள்ளம். வந்த புதிதில் “வெள்ளம் வந்நோ?” என்று கேட்டு, என்னைத் துணிமூட்டையோடு வாசலுக்கு ஓட வைத்தவர் அவர்.

மழைக்காலத்தில் வந்த ஒரு புது ஜோடி தொட்டியில் கிடந்துவிட்டு ஏறி, விடிய விடியச் சொறிந்தது. ஊருக்குப் போய் அதைப் போனிலும் எழுதிப் போட்டுவிட்டது. முதலாளி அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

“ஆத்தா, இன்னும் ஒருத்தன் சொறிஞ்சான்னு வையி, தொட்டியில மண்ணக் கொட்டி ரோசாச் செடி வச்சுருவேன். நீ பழையபடி காட்டுக்குப் போயிரு.”

காடு என்ற சொல் என் காதில் விழும் முன்பே முழங்காலில் விழுந்துவிட்டது.

சரக்கு எடுப்பதற்கு முன் சாம்பிள் பார்ப்பது முதலாளியின் வழக்கம். அதனால் கடைக்காரனிடம் பேசி, தண்ணீர் சோதிக்கிற சாமான் மூன்று விதத்தில் வாங்கி வந்தார். நுனியில் கட்டம் கட்டமாக நிறம் மாறுகிற காகிதப் பட்டை ஒன்று. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விடுகிற பெட்டி ஒன்று. தண்ணீரின் காரத்தை, பி.எச். என்கிறார்களே அதை, எண்ணாகவே காட்டும் மீட்டர் ஒன்று. ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. அவர் அவற்றோடு வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை. மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. அந்தச் சம்பந்திக்கு வெந்நீர்த் தொட்டி என்றால் உயிராம்.

“அவரு சொறியக் கூடாது. அம்புட்டுத்தான்,” என்றார் முதலாளி.

முதலில் பட்டை. டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் எப்படி நனைப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தபோது பனி மாதிரி மஞ்சு மூட்டம் இறங்கி உள்ளே புகுந்தது. தண்ணீரையே தொடாத பட்டைகள் டப்பாவுக்குள் நிறம் மாறிவிட்டன. முதலாளி அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, ஏலம் போகும் காயைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“பச்சை பத்தாது. இந்தச் சரக்கு வெல போகாது.”

“அது காய் இல்லண்ணே. தண்ணி பாக்குறது.”

“எல்லாம் சரக்குதான், ஆத்தா.”

அடுத்து மீட்டர். எண் காட்டுகிறது என்றதும் அவருக்குப் பிடித்துப்போனது. தராசு மாதிரி, பொய் சொல்லாது என்றார். நான் தண்ணீருக்குள் விட்டேன். எண் மேலும் கீழும் ஓடி நின்றது. வாசித்தேன்.

“ஏழரைண்ணே.”

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முதலாளிக்கு அந்த வருசம்தான் ஏழரைச் சனி பிடித்திருக்கிறது என்று போடியில் தெரியாத ஆள் கிடையாது. காய் விலை இறங்கினாலும் அதனால்தான், ஜீப்பு டயர் வெடித்தாலும் அதனால்தான். வாரம் தவறாமல் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வருவார். அன்றைக்கும் அங்கிருந்துதான் நேராக வந்திருந்தார். திருநீறு கூட நெற்றியில் கலையவில்லை.

“என்னது?”

“ஏழு... புள்ளி... அஞ்சுண்ணே.”

“அப்பிடின்னா?”

“அதாண்ணே அது.”

தொட்டியை எட்டிப் பார்த்தார். “இப்பத்தான கும்பிட்டு அங்க விட்டுட்டு வர்றேன். எனக்கு முந்தி ஜீப்பு ஏறி வந்து இங்க உக்காந்திருச்சா?”

உண்மையில் தண்ணீர் அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. மீட்டர் பெட்டியில் போட்டிருந்த படத்தில் ஏழரையைத்தான் நட்டநடுவில் வைத்து, சரி என்று குறி போட்டிருந்தார்கள். படத்தை அவரிடம் காட்டினேன்.

“ஏழுக்கு மேல என்ன இருக்கு?”

“எட்டுண்ணே.”

“எட்டாக்கு.”

“எட்டு ஆகாதுண்ணே. கூடிரும்.”

“காயில எட்டு மில்லிதான மொதத்தரம்? ஏழு ரெண்டாந்தரம். சம்பந்திய ரெண்டாந்தரத் தண்ணியிலயா உக்கார வைக்கச் சொல்ற?”

போடியில் பிறந்த யாரும் இதற்கு மறுபேச்சு பேச முடியாது. எட்டு மில்லிச் சல்லடையில் கீழே விழாமல் நிற்கிற காய்க்குத்தான் உச்ச விலை. நானே சலித்திருக்கிறேன். தண்ணீரைச் சலிக்க முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முதலாளி சோடாப் பொடியைக் கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டார். நான் கரண்டியில் தலைதட்டிப் போடுகிற பொடி அது. அள்ளிய கையே அவருக்கு அளவு.

தண்ணீர் அரிசி களைந்த கழனி மாதிரி ஆனது. மீட்டர் எட்டைத் தாண்டிப் போய் நின்றது.

“மொதலாளி, வெள்ளம் பாலாயிப் போச்சு,” என்றார் சமையல்காரர்.

“நயம் சரக்கு அப்பிடித்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே உள்ளே இறங்கி உட்கார்ந்தார். நான் சாமியைக் கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் சிவந்து எழுந்தவரின் கை, அவருக்குத் தெரியாமலே விலாப்பக்கம் போனது.

“சொறியிறீங்களாண்ணே?”

“தடவுறேன். குளுருது.”

ஜீப்பில் ஏறுகிறவரைக்கும் தடவிக்கொண்டே போனார். ஏறி உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். “தண்ணிய நீ பாத்து எறக்கிரு, ஆத்தா. ஆனா அந்த நம்பரு எங்காதுல விழக் கூடாது. சம்பந்தி காதுல விழவே கூடாது. நல்ல காரியம் நடக்குற வீட்டுல ஏழரையக் கூட்டுன மாதிரி ஆயிரும்.”

ஆக, தண்ணீர் ஏழரையில் நிற்க வேண்டும், ஏழரை என்று யாரும் சொல்லக் கூடாது. மீட்டரோ தண்ணீர் சரியானால் ஏழரை என்று எண்ணாகவே காட்டிவிடுகிற சாமான். பட்டை ஏற்கெனவே செத்துவிட்டது. மிச்சம் இருந்தது சொட்டு மருந்து.

பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓடைத் தண்ணீரை நிரப்பினேன். வெளிச்சம் இருக்கும்போதே கண்ணாடிக் குழாயை வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துச் சொட்டு விட்டேன். முதலில் ரோஸ் நிறம், பொடி கூடுதல் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன், பொடி கம்மியாகி மஞ்சளுக்குப் போய்விட்டது. கரண்டியால் சோடாப் பொடியைத் துளித் துளியாகப் போட்டு மறுபடி பார்த்தேன். சொட்டு ஒன்று அதிகமாக விழுந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில் கீழே கொட்டிவிட்டுத் திரும்பப் பிடிப்பேன். சமையல்காரர் பக்கத்தில் நின்று, “சேச்சி, இது என்ன, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தா?” என்றார். கடைசியில் ஒரு செம்மை வந்தது. பெட்டியில் சரி என்று போட்ட நிறமும் அதுவும் ஒன்று. அவர் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கட்டன் சாயா அல்லோ?” என்றார்.

ஆமாம், பால் ஊற்றாத சாயா, கொஞ்சம் சாயம் கூடியது. அந்த நிமிசமே முடிவு செய்துவிட்டேன். இந்தப் பெட்டிதான். இதில் எண் இல்லை, சாயாதான் இருக்கிறது.

மறுநாள் சம்பந்தி வந்தார். சிரித்த முகம். தொட்டியில் இறங்கி, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்தார். நான் துண்டோடு ஓரமாக நின்றேன். முதலாளி எதிரே நாற்காலியில், சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி கண்ணைத் திறந்தார்.

“தண்ணி அருமையா இருக்கு. மதுரையில எங்க அடுக்கு மாடியிலயும் நீச்சக்குளம் உண்டு, என்னைக்கும் கண்ணு எரியும். நீங்க பி.எச். எம்புட்டு வைக்கிறீங்க?”

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. கட்டன் சாயா என்று பதில் சொல்ல முடியாது.

“எட்டுக்கு அரை கம்மிங்கய்யா,” என்றேன்.

“எட்டுக்கு அரை கம்மின்னா...” சம்பந்தியின் உதடு கணக்குப் போடத் தொடங்கியது.

“ஏப்பா, சாயா கொண்டா, வெரசா,” என்று முதலாளி சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார். சாயா வந்தது, கணக்கு பாதியில் நின்றது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குளித்து ஏறிய சம்பந்தி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கெண்டைக்காலைச் சொறிந்தார். நன்றாக, நகம் போட்டு. முதலாளி ரோசாச் செடி நடும் இடத்தைப் பார்ப்பது போலத் தொட்டியைப் பார்த்தார். நான் காட்டுச் சரிவைப் பார்த்தேன். சம்பந்தி வேட்டியை விலக்கினார். அங்கே, ரத்தம் குடித்து உருண்டு திரண்டு, ஒரு அட்டை.

“அய்யய்ய, அட்டை,” என்று வீடே பதறியது. சமையல்காரர் உப்போடு ஓடி வந்தார். எனக்கு வந்த சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பயந்து அழுகிறேன் என்று நினைத்துச் சம்பந்தி எனக்கு ஆறுதல் சொன்னார்.

பட்டையும் மீட்டரும் கடைக்கே திரும்பிப் போயின. சொட்டு மருந்துப் பெட்டி என்னிடம் இருக்கிறது. நானும் பங்களாவில் இருக்கிறேன். இப்போதும் சனிக்கிழமையில் குச்சனூர் போய்விட்டுத் தோட்டத்துக்கு வந்தால், முதலாளி முதலில் தொட்டிக்குள் ஒரு காலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

“எட்டுக்கு எம்புட்டுக் கம்மி, ஆத்தா?”

“அரைண்ணே.”

“இருக்கட்டும். அந்த அரையும் ஒரு நாளைக்கு ஏறிரும்.”

அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஏறித் தொலைத்துவிடுமோ என்று நான் உடனே இன்னொரு குழாய்த் தண்ணீர் பிடிக்கிறேன்.