பெண்ணழைப்புக்குப் பந்தயக் கார்புரேட்டர்

பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமானுக்குத்தான் கார்புரேட்டர் என்று பெயர். இதை நான் போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட கையோடு மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன். செங்கல்பட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைப் பரிசோதிக்க வந்தவர், முகவாயைக் கருவியில் வைத்தபின் எழுந்து ஓட முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

வண்டி என்னுடையதல்ல, அக்கா வீட்டுக்காரருடையது. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது. ரயில்வேயில் வேலை பார்த்தவர் அவர். ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரியிடம் ஓடாத நிலையில் வாங்கி, தானே ஓட வைத்தார். பந்தயத்துக்குப் பிறந்த வண்டியை அவர் ஓட்டுகிற வேகத்தில், பின்னால் வருகிற சைக்கிள்காரன் பெல்லடித்து முந்திப் போவான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு சுற்று. அவர் இறந்தபின் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து கோயிலுக்கு அப்பா வண்டியில் போக வேண்டும். அப்பா இடத்தில் தாய்மாமன் ஓட்ட வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணழைப்பு என்றால் முன்னால் பேண்டு வாசித்துக்கொண்டு போகும், சொந்தக்காரர்கள் தட்டுகளோடு நடப்பார்கள், வண்டி அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரும். நான் கண் கலங்கி, நெஞ்சில் கை வைத்து, ஏற்றுக்கொண்டேன். அந்த நெஞ்சு அப்போது உண்மையாகத்தான் இருந்தது.

மாமல்லபுரம் போகிற வழியில் என் நண்பன் ஒருவன் பழைய கார்களுக்கு ஷெட் வைத்திருக்கிறான். வண்டியை அவனிடம் கொண்டுபோனேன். இரண்டு கார்புரேட்டரும் தேய்ந்து, காற்றை வெளியிலிருந்து உறிஞ்சிக்கொண்டும் பெட்ரோலை வெளியே கசியவிட்டுக்கொண்டும் இருந்தன. மாற்றித்தான் ஆக வேண்டும். அவன் இரண்டு வழி சொன்னான். பழையதைப் போலவே சின்னதாக, சாதுவாக, இங்கிலாந்திலிருந்து புது ஜோடி வரவழைக்கலாம். இல்லையென்றால் அவன் அலமாரியிலேயே இருந்தது இன்னொரு ஜோடி. இத்தாலிக்காரன் பந்தயத்துக்காகச் செய்தது. முன்பக்கம் எக்காளம் மாதிரி நான்கு வாய், முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு.

"மச்சான், இத்த மாட்டிகினு போய் பானெட்ட தொறந்தன்னு வெய்யி, பத்து பேர் நின்னு பார்ப்பான்," என்றான்.

அவனும் நானும் ஒரே ஜாதி வியாதிக்காரர்கள். ஊருக்குள் போனால் வண்டி கொஞ்சம் இருமும் என்றும் சொன்னான். இருமல் எனக்குக்கூடத்தான் வரும் என்றேன். வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டப்போகிறேன் என்று சொன்னேனே தவிர, பெண்ணழைப்பைப் பற்றி அவனிடம் வாயே திறக்கவில்லை. மறந்துபோனதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். சொல்லியிருந்தால் அவன் சின்னதைத்தான் மாட்டியிருப்பான். அது எனக்குத் தெரியும்.

மாட்டினோம். அடுத்த ஞாயிறு காலை நெம்மேலி தாண்டி ஆக்சிலேட்டரை அழுத்தியபோது வண்டி பாடியது. மாமல்லபுரத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காபி குடிப்பதற்கு முன் எல்லோரும் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பிறந்த குழந்தையைத் தொட்டிலில் பார்ப்பதுபோல எட்டிப் பார்ப்பார்கள். என் தொட்டிலைச் சுற்றித்தான் அன்று கூட்டம். குழந்தை யார் ஜாடை என்று யாராவது கேட்டிருந்தால், என் ஜாடை என்றே சொல்லியிருப்பேன்.

வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டதும் மருமகள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"மாமா, பேண்டு பின்னாடி மெதுவா போவுமா?"

"குதுர ஓடும், நடக்காதா?" என்றேன். அவள் சிரித்தாள். நான் மெதுவாக ஓட்டிப் பார்க்கவே இல்லை.

கல்யாணத்தன்று காலை வண்டி முழுக்க மல்லிகையும் ரோஜாவும். நான் கோட்டு போட்டிருந்தேன். வெள்ளைப் பட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பேண்டு கிளம்பியது. முதல் தெருவில் கிளட்ச்சை மிதித்து மிதித்து ஒப்பேற்றினேன். இரண்டாவது தெருவில் என்ஜின் இருமியது. வேகமாகப் போகப் பழகிய அந்த நான்கு வாய்க்கும், நடை வேகத்தில் பெட்ரோலை விழுங்கத் தெரியவில்லை. கடைத்தெரு முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெடிச் சத்தம் வந்தது. பெண் வீட்டார் பட்டாசு போடுகிறார்கள் என்று நினைத்துப் பேண்டுக்காரர்கள் இன்னும் உற்சாகமாக அடித்தார்கள்.

வண்டிக்கும் கல்யாண வெட்கம் என்றேன். அவள் சிரிக்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ஜின் அணையாமல் இருக்க ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி துள்ளியது. ட்ரம்பெட் ஊதியவர் வாசிப்பை நிறுத்தாமலே இளநீர்க் குவியல்மேல் தாவினார். பேண்டை இடிப்பது, இல்லையென்றால் அணைந்துபோவது; வண்டிக்கு வேறு வழியில்லை. அணைந்தது. பானெட்டைத் திறந்து கையை விட்டு என்னென்னவோ செய்தேன். பெட்ரோல் வாடை மல்லிகையை மூடிக்கொண்டது. பேட்டரியும் படுத்தது. இந்தமுறையும் கூட்டம் கூடிப் பார்த்தது.

"போதும் மாமா," என்றாள். கதவைத் திறந்து இறங்கினாள். "நடந்துடலாம். ஃபாதர் காத்துகினு கீறார்."

தள்ளுவதற்காக நானும் இறங்கப் போனேன்.

"நீ எறங்காத. அப்பா வண்டிய நடுரோட்ல வுட்டுட்டு வர முடியாது. ஸ்டியரிங்க யாரு புடிப்பா?"

அப்படியாக ஊர்வலம் மறுபடி கிளம்பியது. முன்னால் பேண்டு, அதற்குப் பின்னால் வெயிலில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணப்பெண். அவளுக்குப் பின்னால் சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் தள்ள, பூ ஜோடித்த வண்டியில் நான் மட்டும் உட்கார்ந்து வந்தேன். மருந்துக்கடை வாசலில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பொண்ணு நடந்து போவுது, அந்தாளு இன்னாடி ராஜா மாரி ஒக்காந்துகினு வரான்?" என்று கேட்டார். அந்த அம்மா என் கடையில் கண்ணாடி வாங்கியவர். எல்லாம் தெளிவாகவே தெரிந்திருக்கும்.

கோயில் வாசலில் என் வேலை இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அப்பா இடத்தில் நின்று, அவள் கையைப் பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போவது. கையை நீட்டினேன். மணிக்கட்டுவரை கரி. அவள் கையைப் பார்த்தாள், தன் வெள்ளைப் புடவையைப் பார்த்தாள். கோபமே இல்லாமல் திரும்பி, "அம்மா, நீ வா," என்றாள்.

பாடல் தொடங்கியபோது நான் கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் இருந்தேன். கரி சோப்புக்குப் போகவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அக்கா எனக்குப் பரிமாறிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், "அவுரு எவ்ளோ மெதுவா ஓட்டுவாருன்னு ஒனக்குத் தெரியாதாடா?" என்றாள். தெரியும். வருஷக்கணக்காக அதை வைத்துத்தான் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

சின்ன ஜோடியை வரவழைத்து மாட்டியாயிற்று. நண்பனுக்கு இப்போது விஷயம் தெரியும். யாரோ எடுத்த வீடியோ மாமல்லபுரத்து ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் எல்லோர் போனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் திறப்பதில்லை. போன வாரம் சதுரங்கப்பட்டினம்வரை ஊர்ந்தே போய்த் திரும்பினேன். ஓர் இருமல் கிடையாது. வீட்டுக்கு வந்து மருமகளுக்குப் போன் செய்தேன்.

"மெதுவா போவுதா?"

"போவுது."

"லீவுல வரேன். நான் ஓட்டறேன். நீ பக்கத்துல ஒக்காரு. பேசாம வா."

சரி என்றேன். இந்த மாதிரி இடத்தில் எனக்கு ஏதாவது ஒரு வேடிக்கை வாயில் வந்துவிடும், வந்தது. அவள் போனை வைக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.