தவிட்டுக்கு வாங்கிய பெயர்

வாடிப்பட்டியில் மாட்டுத் தீவனக் கடையைத் தாண்டும்போது தவிட்டு வாசனை வந்தது. கால் அங்கேயே நிற்க, மனசு செல்லூர் சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அன்று சுற்றிலும் விசைத்தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் அதன் ஜன்னல் கண்ணாடிகள் பகல் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும், உள்ளே பினாயிலும் மெழுகுவர்த்தியும் கலந்து மணக்கும், ‘ரெனே’ என்று யாராவது கூப்பிட்டால் பிரான்சிலிருந்து வந்த கன்னியாஸ்திரியான சிஸ்டரும் நானும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்போம்.

எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னைச் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அடுத்தவர் பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். விற்றவரே பெயரும் வைக்கட்டும் என்று அம்மா சொல்ல, சிஸ்டர் தன் பெயரையே வைத்துவிட்டார்.

எனக்கு விவரம் தெரிந்த பிறகு ஒருநாள், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள்.

“மறுபடி பொறந்தவ. ஞானஸ்நானத்துல புதுசாப் பொறக்குறோம்னு அந்தக் காலத்துலயே லத்தீன்ல வச்ச பேரு,” என்றார் சிஸ்டர். பிறகு மெதுவாக, “எங்கம்மாவுக்கு மொதப் பிள்ளை செத்துப்போச்சு. அடுத்து நான் பொறந்ததும் இந்தப் பேர வச்சாங்க.”



“அம்புட்டுத் தூரத்துலயும் இந்தப் பயம் இருக்கா? ஒங்களுக்கு யாரு சிஸ்டர் தவிடு குடுத்தா?” என்றாள் அம்மா.

“யாரும் குடுக்கலயே.”

அன்று சாயங்காலமே அம்மா இன்னொரு படி தவிட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள், சிஸ்டரை வாங்க.