தலையாட்டாத அன்ரனிற்றா அக்கா

என் மூத்தவளின் ஆசிரியை பேசப் பேச, நான் தலையாட்டப் போனபோதெல்லாம் அன்ரனிற்றா அக்கா பின்னால் நின்று என் முதுகில் மெல்லக் கிள்ளினார். எனக்காக அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அதை எங்கள் தமிழாட்கள் கூடும் மாதா கோயிலில் அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறவர் அவர். யார் வீட்டுப் பிள்ளைக்குப் பெற்றோர் சந்திப்பு என்றாலும் பூசைக்குக் கட்டுகிற சேலையும் பனிச் சப்பாத்துமாக வந்துவிடுவார். வகுப்பிலுள்ள குட்டிக் கதிரையில் மட்டும் இருக்கமாட்டார். “அதிலை இருந்தா எங்கடை வாயும் குட்டியாப் போடும்.”

ஊரில் ஆசிரியர் வாய் திறந்தால் தலையாட்டிப் பழகிய கழுத்து எங்களுடையது. ஜெர்மனியில் அது சம்மதம். நாலாம் வகுப்போடு, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியமா, கெதியாய் வேலைக்கு அனுப்பும் ஹவுப்ட்சூலேயா என்று பத்து வயதுப் பிள்ளையைப் பிரித்துவிடுகிறார்கள். கோயிலில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில்தானே இருக்கிறார்கள்?

ஒரு வருடம் எங்கள் மாநில அரசு, ஆறாம் வகுப்புவரை பிரிக்காமல் படிப்பிக்கத் திட்டம் கொண்டுவந்தது. அக்காவின் கடைக்குட்டி றெக்ஸ் அப்போது நாலாம் வகுப்பு. இன்னும் இரண்டு வருடம் கிடைத்தால் இவன் ஜெர்மன் மொழியான டொச்சில் எழும்பிவிடுவான் என்று அவனுடைய ஆசிரியையே சொன்னார். தங்களுடைய ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் போய்விடும் என்று கிம்னாசிய ஆசிரியர் சங்கம் விடவில்லை. கட்சிக்காரரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள், தேர்தல் வருகிறது என்று நினைவூட்டினார்கள். பிள்ளைகளைக் கேட்டார்களா?

பொதுக்கூட்டத்துக்கு அக்காதான் எங்களைத் திரட்டிக்கொண்டு போனார். சங்கத் தலைவருக்கு நரைத்த தலை, கண்ணாடி. பார்த்தாலே எழும்பி நிற்கத் தோன்றும். பிரிப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று அவர் சொல்ல, எங்கள் வரிசை முழுக்கத் தலையாட்டியது. அத்தனை முதுகையும் அக்கா ஒருத்தி எப்படிக் கிள்ளுவார்?

“பாருங்கள், வெளிநாட்டுப் பெற்றோரே ஒத்துக்கொள்கிறார்கள்” என்று தலைவர் எங்களைக் கைகாட்டினார். மண்டபம் கைதட்டியது.

அக்கா எழும்பினார். கோபத்தில் டொச் வரவில்லை. “அது மரியாதையடா! நாங்கள் ஓம் எண்டு சொல்லேல்லை!” தமிழில்தான் கத்தினார். அவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். றெக்ஸ் ஹவுப்ட்சூலேக்குப் போனான். அடுத்த தையில் அக்கா குடும்பம் லண்டனுக்கு வெளிக்கிட்டது. அங்கே பத்து வயதில் இப்படிப் பிரிக்கமாட்டார்களாம்.

பஸ் வாசலில் நான் அழுதுகொண்டு நின்றேன்.

“விசரி, கண்ணைத் துடை. நாளைக்கு உன்ரை சின்னவளின்ரை ரீச்சரைச் சந்திக்கப் போறாய். முதுகிலை கிள்ள நான் இல்லை. தலையை ஆட்டிப்போடாதை, விளங்குதோ?”

நான் தலையாட்டினேன்.

“பார், இப்பவும் ஆட்டுறாய்!”