பங்குதாரர் பழனியாண்டவரின் கைநாட்டு

பெருமாள்மலை முக்கில் டீத்தூள் ஏஜென்சி வைத்திருந்த வேலப்பனுக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு. 1952-ல் மதுரை ராஜமலர் கம்பெனியின் விண்ணப்பத்தில், ‘பங்குதாரர்’ என்ற இடத்தில் ‘பழனி தண்டாயுதபாணி சுவாமி’ என்று முத்துமுத்தாக எழுதியிருந்தார் வேலப்பன். பூர்வீகம் பழனி. அந்த ஊர்க் கடைக்காரர்கள் ஆண்டவனுக்கு ஒரு பங்கு வைக்காமல் வியாபாரம் தொடங்க மாட்டார்கள். மற்றவர்கள் அதை மனசோடு வைத்துக்கொண்டார்கள். இவர் கம்பெனிக்கும் தெரிவித்துவிட்டார். அங்கே யாரும் படித்துப் பார்க்கவில்லை.

1958-ல் கம்பெனி லாரி பின்னோக்கி வந்தபோது வேலப்பனின் வலது பாதத்தில் ஏறியது. மானேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, “கம்பெனி பாத்துக்கும்” என்றார். சொன்ன சொல் தவறவில்லை. மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருந்தது. எதிர்க்கடையிலிருந்து நானும் பார்த்தேன்.

நின்று வியாபாரம் செய்ய முடியாமல் போகவே, ஏஜென்சியைப் புருஷனை இழந்த மகள் சிவபாக்கியத்தின் பேருக்கு மாற்றக் கேட்டார். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. கையெழுத்துப் போட்டால் மாற்றித் தருவதாகச் சொல்லி, கம்பெனி பெருந்தன்மையாக ஒரு விடுதலைப் பத்திரம் அனுப்பியது. நடந்தது, நடக்கப்போவது எதற்கும் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க மாட்டேன் என்று நாலு பக்கம். கம்பெனி இவரிடம் எதுவும் கேட்காது என்று ஒரு வரி இல்லை. காகிதத் தட்டுப்பாடு போலும்.

“அப்பா, இதுல போட்டா ஒங்க காலுக்கு ஒண்ணும் கேக்க முடியாதுங்க.”

“நாந்தானே தாயி கேக்க முடியாது? கூட்டாளி கேப்பாரு” என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார் வேலப்பன்.

பத்தே நாளில் பதில் வந்தது. விண்ணப்பத்தில் கண்ட பங்குதாரரின் கையெழுத்து இல்லை. ஒரு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் ஏஜென்சி வேறு ஆளுக்குப் போகும். எழுதத் தெரியாதவரானால் கைநாட்டு போதும். காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ் இணைக்கவும். வேலப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அது சாமி என்று சிவபாக்கியம் விளக்கி எழுதினாள். ‘மேற்படி சாமி என்பவரின் கையெழுத்தையே கேட்கிறோம்’ என்று பதில் வந்தது.

ஆக, லாரி நசுக்கிய பாதத்தோடு, அந்தப் பாதத்துக்கு நஷ்டஈடு வேண்டாம் என்கிற காகிதத்தைச் சுமந்து, வேலப்பன் பழனிமலைப் படி ஏறினார். விடிய ஏறத் தொடங்கியவர் உச்சிக்காலப் பூஜைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். குருக்கள் பத்திரத்தைச் சாமி காலடியில் வைத்துத் திருப்பித் தந்தார். கடைசிப் பக்கத்தில் குருக்களின் சந்தனப் பெருவிரல் அழுத்தமாகப் பதிந்திருந்தது. மதுரையில் அதைக் கைநாட்டென்று ஏற்று முத்திரையும் குத்தினார்கள்.

ஏஜென்சி மகள் பேருக்கு வந்தது. கூடவே ஒரு கடிதம்: ‘இரு பங்குதாரர்களும் தங்கள் கோரிக்கைகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தமைக்கு நன்றி.’

படி ஏறி வீங்கிய பாதத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த சிவபாக்கியம், நான் அதை வாசித்ததும் அழுதுவிட்டாள்.

“அழுவாத தாயி” என்றார் வேலப்பன். “காலுக்கு அவரு கேப்பாருன்னுதான் நான் போட்டேன். அவரு கைநாட்டையும் நானே ஏறிப்போயி வாங்கிக் குடுத்துட்டேனே.”